குறை கூறுவாரும் கை கொடுப்பாரும்

நூல் செய்வானுக்குரிய மதங்களை ஏழாக வகுத்த நன்னூலார், பிறர் நூலிலுள்ள குற்றத்தைக் காட்டுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். குற்றங் காட்டுதல் நூல் செய்யுந் தொழிலுக்குப் புறம்பானதன்று, அத்தொழிலின் ஓர் உறுப்பேயாம் என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தென எண்ணிக் காட்டியவரும் அவரே. அவ்வாறு எண்ணிக் காட்டியமையால், குற்றங் கூறுவான் மனம் போனவாறு கூற இயலாதவனாகின்றான். இன்ன இடத்தில் இன்ன குற்றம் என்று சுட்டுங் கடமை அவனுக்கு உண்டாகின்றது. திருவிளையாடற் கதையிலே தருமி கொணர்ந்த பாட்டை மறித்து நின்ற நக்கீரரைக் குறை காணும் புலவராகவே தமிழ் மேடைகள் காட்டி வந்துள்ளன. திருமுருகாற்றுப்படையும் நெடுநல்வாடையும் நக்கீரர் பெயரோடு இணைந்தே வழங்குவதைக் கதை கேட்டு மகிழ்வோர் பெரும்பாலும் நினைப்பதில்லை.

குறை கூறுவான் ஒருவன், பணி செய்வான் பிறிதொருவன் என்னும் பிரிவினை பழந்தமிழ்ப் புலமை மரபில் இத்துணைக் கூர்மையாக இருந்ததில்லை. அப்பிரிவினை இன்று மிகக் கூர்மையுற்று நிற்கும் களம் ஒன்றுண்டு. அது கணினி உலகிலே கட்டற்ற மென்பொருள் எனவும் திறந்த மூல மென்பொருள் எனவும் வழங்கும் பொதுப்பணியாகும்.

ஒரு மென்பொருளுக்கு மூலநிரல் என்பது அதன் ஏட்டுச் சுவடி போன்றது. வணிக நிறுவனங்கள் பல அச்சுவடியைப் பூட்டி வைத்து, அதன் பயனை மட்டும் விலைக்கு விற்கும். திறந்த மூல மென்பொருளிலோ சுவடியே ஊர்ப் பொதுவில் விரித்து வைக்கப்படும். வேண்டியவர் படிக்கலாம், படியெடுக்கலாம், பிழை திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். இப்பணியைச் செய்வோருட் பலர் ஊதியம் பெறாதவர். ஆகவே ஒரு வழக்கு எழுகின்றது. பயன்படுத்துவோன், "இதில் இன்ன குறை இருக்கின்றது; ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்று கேட்கின்றான். செய்தோன், "சுவடி உன் முன்னே கிடக்கின்றது, குறை கண்ட நீயே திருத்திக் கொள்" என்று விடை பகர்கின்றான். முன்னதிற் பொறுமையின்மையும் பின்னதிற் செருக்கும் சிறிது கலந்திருத்தல் வெளிப்படை. இவ்விரண்டுள் எது முறை என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வியக்கத்தின் தோற்றத்தையே முதலில் நோக்குதல் தகும். 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வுகூடம் ஒன்றிற்குச் செறொக்ஸ் நிறுவனத்தின் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிலே தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. முன்னிருந்த பொறியின் மூலநிரல் கைவசம் இருந்தமையால், தாள் சிக்கியவுடன் காத்திருப்போர்க்குச் செய்தி போகுமாறு அதனை மாற்றி வைத்திருந்தார் றிச்சாட் ஸ்ரோல்மன். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பி மூலநிரலைக் கேட்டபோது, வெளியிடேன் என்று ஒப்பந்தஞ் செய்திருந்த பிறிதொரு பல்கலைக்கழகத்தார் அதனைத் தர மறுத்துவிட்டனர். 1983 ஆம் ஆண்டில் அவர் க்னூ என்னும் பெருந்திட்டத்தை அறிவித்தமைக்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிற்று. ஆகவே, உலகெங்கும் பரந்துள்ள இவ்வியக்கத்தின் வித்து ஒரு முறைப்பாடேயாம். ஆயின் அது எத்தகைய முறைப்பாடு? திருத்தும் ஆற்றல் கையிலிருந்தும், திருத்துவதற்கு விடப்படாதவனுடைய முறைப்பாடு அது. விலை கொடுத்தவன் கடைக்காரனிடம் கூறும் முறைப்பாட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது.

இத்தூரத்தை உணர்ந்துகொள்ள மேனாட்டு நூல்களைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. வன்னிப் பெருநிலத்துக் கமக்காரர் இதனை நெடுங்காலமாக அறிவர். வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிற் பரந்து கிடக்கும் ஊர்க்குளங்கள் ஒவ்வொன்றும் ஒரு பொதுச்சொத்து. அக்குளத்து நீரிற் பங்குடையோர் யாவரும் அதன் கட்டைப் பேணுவதிலும் தத்தம் நிலத்தின் அளவுக்கேற்பப் பங்குடையோராவர் என்பதே பழைய வழக்கு. நீரிலே பங்கு, மண்ணிலே பங்கு என்று ஒரே சொல் உரிமைக்கும் கடமைக்கும் வழங்கியமை சிந்திக்கத்தக்கது. 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியத்தின் கொடுமை நீங்கியது நன்றே. ஆயினும் குளம் பேணும் கூட்டுழைப்பும் அதனோடு தளர்ந்தமையால், அரசினர் 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தால் ஊர் வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்ட நேர்ந்தது.

இவ்வூர்க்குளத்தை இருவகையான முறைப்பாடுகள் சூழ்ந்திருக்கும். மாரிகாலத்து நள்ளிரவிலே குளக்கட்டில் நண்டு வளையொன்றின் வழியாக நீர் கசிவதைக் கண்ட சிறுவன் ஒருவன் ஓடிவந்து கூக்குரலிட்டால், "மண்வெட்டி கொண்டு வந்தாயா?" என்று எவரும் அவனைக் கேட்பதில்லை. அவன் கண்டதும், கண்டவிடத்தைச் சுட்டியதுமே ஊருக்குச் செய்த உதவி. இனி, தன் பங்குக்குரிய வாய்க்காலைத் துப்புரவு செய்யாது புல்மண்ட விட்டவன், தேநீர்க்கடை வாங்கிலிருந்து, "இம்முறையும் என் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று வட்டவிதானையை வைதால், கேட்பார் நகைப்பர். கூக்குரல் இரண்டும் குறை கூறுவனவே. எனினும் முன்னவனிடத்தில் ஊர் அறியாத செய்தியொன்று உண்டு. பின்னவனிடத்தில் அவனுடைய சினமன்றி வேறொன்றுமில்லை.

மூன்றாவதாக ஒருவன் உளன். அவனே இவ்வாராய்ச்சிக்கு மிக வேண்டப்படுபவன். அவன் வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் உடையவன். தன் பங்கைச் செய்தும் நீர் பெறாதவன். போகந் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "தலைவாய்க்காலில் நிறைய ஓடுகின்றது, என் வரம்புக்கு வந்து சேரவில்லை" என்று அவன் கூறுவானாயின், துருசடியில் நிற்பவரோ பொறியியலாளரோ தாமாகக் கண்டிருக்க முடியாத ஒன்றை அவன் கூறுகின்றான். வாய்க்கால் முழுவதும் செவ்வையாக இருக்கின்றதா என்பதற்குக் கடைக்கோடி வயலே அளவுகோல். அவனை நோக்கி, "நீயே வெட்டிக்கொள்" என்று கூறுதல் விடையாகாது. இடையிலுள்ள வாய்க்கால் அவன் ஒருவனால் வெட்டத்தக்கதன்று.

உலகக் கணினி வாய்க்காலிலே தமிழ்மொழி நெடுங்காலம் கடைக்கோடி வயலாகவே இருந்தது. தமிழில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யின் முன்னே எழுதப்படும். ஆயினும் யூனிக்கோட் முறையிலே அவை மெய்யின் பின்னே சேமிக்கப்படும். ஒகர, ஓகாரக் குறிகளோ மெய்யை இருபுறமும் அணைத்து நிற்பன. சேமித்த வரிசையை எழுதும் வரிசையாக மாற்றிக் காட்டும் ஆற்றல் இல்லாத மென்பொருளில், கொம்பு எழுத்தின் பிழையான பக்கத்திற் சென்று விழும். கால் தனித்து அலையும். ஆங்கிலம் மட்டும் எழுதுவோன் ஆயிரம் நாள் அம்மென்பொருளை ஆண்டாலும் இக்குற்றத்தைக் காணான். பாலர் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை ஒரு கணத்திற் காணும். இக்காலத்து ஹார்ஃப்பஸ் என்னும் திறந்த மூல நிரல், எழுத்துக்களை உரிய வடிவிற் கோத்துத் தரும் பணியைப் பல உலாவிகளிலும் கைபேசிகளிலும் செய்து வருகின்றது. இத்தகைய நிரல்கள் செம்மையுற்றமை நிரலாளர் உழைப்பினால் மட்டுமன்று; தத்தம் எழுத்து உடைந்து தோன்றியதைப் பல மொழியினரும் எடுத்துக் காட்டியமையாலுமாம்.

எடுத்துக்காட்டும் முறையிலேதான் நன்னூலார் வகுத்த எண்ணிக்கையின் அருமை விளங்கும். "தமிழ் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதுபவன் தேநீர்க்கடை வாங்கில் இருக்கின்றான். "இன்ன பதிப்பில், இன்ன எழுத்துருவில், 'கொ' என்று தட்டினால் கால் பிரிந்து அடுத்த வரிக்குப் போகின்றது, வேறு எழுத்துருவில் அவ்வாறில்லை" என்று எழுதுபவன் குளக்கட்டில் நண்டு வளையைச் சுட்டுகின்றான். பின்னவனுக்கு நிரல் எழுதத் தெரியாதிருக்கலாம். அதனால் அவன் பணி குறைவுபடாது. "குறை கண்டவனே திருத்துக" என்னும் விடை இவனைப் புறந்தள்ளுமாயின், அது பணிவிடை செய்வோரின் சொல்லன்று. நாட்டாண்மை செய்வோரின் சொல்.

அவ்விடையைச் சொல்லுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை 2024 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று உலகுக்குக் காட்டிற்று. கோப்புக்களைச் சுருக்கும் 'எக்ஸ்இசெட்' என்னும் சிறு மென்பொருள் எண்ணற்ற கணினிகளில் உறுப்பாக இருந்தது. அதனைப் பேணியவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே கொலின் என்பவர் ஒருவரே. அதுவும் ஊதியமற்ற ஓய்வுநேரப் பணியாக. 2022 ஆம் ஆண்டில் அவரை நோக்கி முறைப்பாடுகள் எழுந்தன. வேலை மந்தமாக நடக்கின்றது, திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றன, பொறுப்பை வேறொருவர்க்குக் கொடுத்தல் நன்று என்று சிலர் மீண்டும் மீண்டும் எழுதினர். அதே காலத்தில் 'ஜியா தான்' என்னும் பெயரில் ஒருவர் நல்ல திருத்தங்கள் பல செய்து கொடுத்து நம்பிக்கை பெற்றார். பொறுப்பிலும் பங்கு பெற்றார். இறுதியில் அவர் கையாலேயே அம்மென்பொருளிற் கள்ளவாயில் ஒன்று வைக்கப்பட்டது. முறைப்பாடு எழுதியோர் அவருக்குத் துணையாக நின்ற பொய்ப்பெயரினர் என்றே பின்னர் பலரும் கருதலாயினர். ஆக, முறைப்பாடு களைத்த ஒருவனை வீழ்த்தும் படைக்கலமாகவும் ஆகலாம். கை கொடுத்தல் களவுக்குப் போர்வையாகவும் ஆகலாம்! கை கொடுப்பான் எப்போதும் நல்லன், குறை கூறுவான் எப்போதும் தீயன் என்னும் எளிய கொள்கைக்கு இதனினும் பெரிய மறுப்பு வேண்டுவதில்லை.

அக்களவு வெளிப்பட்ட வழியோ இன்னும் வியப்பானது. அந்திரேஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலாளர், வேறு மென்பொருளொன்றைச் சோதிக்கும்போது, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை வினாடி மிகுதியாகச் செல்வதைக் கண்டார். அதனைச் சிறிதென்று விட்டுவிடாது தொடர்ந்து சென்று, காரணத்தைக் கண்டறிந்து, 2024 மார்ச் 29 ஆந் திகதி யாவர்க்கும் அறிவித்தார். அவர் அம்மென்பொருளை ஆக்கியவருமல்லர், பேணியவருமல்லர். கசிவைக் கண்ட சிறுவனின் நிலையே அவருடையது. ஆயின் அச்சிறுவனைப் போலன்றி, வளையின் அடிவரை கையிட்டுப் பார்த்தார் என்பது அவர் சிறப்பு.

இலங்கையிலும் இப்பொருளுக்கு நல்ல சான்றொன்று உண்டு. 2004 திசெம்பர் 26 இன் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையையும் கிழக்கு, தெற்குக் கரைகளையும் அழித்தபோது, உதவிப் பொருள்கள் குவிந்தும் அவை சேரவேண்டிய இடங்களிற் சேரவில்லை; காணாமற் போனோரைத் தேடுவோர் முகாமுக்கு முகாம் அலைந்தனர். நாடெங்கும் முறைப்பாடே கேட்டது. அந்நாள்களிற் கொழும்பிலே மென்பொருள் வல்ல இளைஞர் சிலர் தொண்டர்களாகக் கூடிச் 'சகன' என்னும் திறந்த மூல மென்பொருளை விரைந்து எழுதினர். அதன் உறுப்புக்கள் ஒவ்வொன்றும் ஒரு முறைப்பாட்டுக்கு மறுமொழியாகப் பிறந்தது எனலாம்: காணாமற் போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, வேண்டப்படும் பொருள்களின் பதிவு. பின்னர் 2005 ஆம் ஆண்டிற் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010 ஆம் ஆண்டில் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் நிறுவனம் 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநலப் பரிசை அதற்கு வழங்கிற்று.

தமிழுலகில் இவ்வாறு எழுந்த பொதுப்பணிகளுள் தமிழ் விக்கிப்பீடியா தலையாயது. அது மென்பொருளன்று, கலைக்களஞ்சியம். ஆயினும் எவரும் திருத்தலாம் என்னும் அதே விதியில் நிற்பது. யாழ்ப்பாணத்தவரான கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன், 2003 நவம்பரில் அதனுள் நுழைந்தபோது, அங்கே கட்டுரைகள் இல்லை என்று குறை கூறியிருக்கலாம், கூறுவது உண்மையுமாயிருந்திருக்கும். அவர் இடைமுகத்தைத் தமிழாக்கினார். பின்னர் ஆயிரக்கணக்கிற் கட்டுரைகளை எழுதினார். 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவரைச் சேர்ந்தது. இது கை கொடுத்தலின் வரலாறு. குறை கூறலின் வரலாறும் அங்கே உண்டு. அஃது இதற்குத் தாழ்ந்ததன்று. 2009 ஆம் ஆண்டளவில் கூகிள் நிறுவனம், மொழிபெயர்ப்புக் கருவியொன்றின் துணையோடு கூலிக்கு மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி, நீண்ட கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவிற் சேர்க்கலாயிற்று. கட்டுரைத் தொகை பெருகிற்று. தமிழ் நடை சிதைந்தது. அங்குத் தொண்டாற்றியோர் வாளாவிருக்கவுமில்லை, வைது தீர்க்கவுமில்லை. கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்து, குறைகளை வகைப்படுத்தி, நிறுவனத்தாரோடு பேசினர். 2010 ஆம் ஆண்டு போலந்து நாட்டின் கடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் தம் மதிப்பீட்டை எடுத்துரைத்தனர். இலவசமாய் வந்த கொடையையும் குற்றம் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்னும் துணிவு அதிலே காணப்படுகின்றது.

இவ்விடத்தில் வன்னியின் நிலையைத் தனித்து நோக்குதல் வேண்டும். தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய 2003 ஆம் ஆண்டிலும், இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவிற் பேணும் நூலகத் திட்டம் தொடங்கிய 2005 ஆம் ஆண்டிலும், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளின் பெரும்பாலான ஊர்களுக்குத் தேசிய மின்வலை எட்டியிருக்கவில்லை. 2009 ஆம் ஆண்டில் முடிந்த போரிலே வீடுகளோடு ஓலைகளும் உறுதிகளும் பாடசாலைப் பதிவேடுகளும் அழிந்தன. அவ்வூரவர், "எங்கள் ஊரைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை" என்று கூறினால், "நீங்கள் ஏன் எழுதவில்லை?" என்று கேட்பது நீதியன்று. சிவில் சேவை அதிகாரியான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய கைந்நூலையே இன்றும் வன்னியாராய்ச்சி செய்வோர் முதற்கண் நாடுகின்றனர் என்பது பெருமைக்குரிய செய்தியுமன்று.

ஆயினும் அந்நியாயம் என்றும் நிலைத்து நிற்பதொன்றன்று. கிளிநொச்சியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழினுட்பப் பீடமும் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டு முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கைபேசி எட்டாத ஊர் அரிது. இந்நிலையில் முறைப்பாடு மட்டும் பழைய உருவிலேயே நிற்குமாயின், அது கடைக்கோடி வயலவனின் சொல்லாக இராது. தேநீர்க்கடைச் சொல்லாகத் திரிந்துவிடும். ஓலைச் சுவடிகள் செல்லரித்து அழிவதைத் தம் பதிப்புரைகளிலே மனம் நொந்து முறையிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை, அம்முறையீட்டை எங்கே எழுதினார் என்பது கருதத்தக்கது. அழியாமற் காத்து 1885 ஆம் ஆண்டிலும் 1887 ஆம் ஆண்டிலும் தாம் அச்சேற்றிய தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை ஆகிய இத்தகைய பதிப்புக்களின் முகப்பிலேயே அவருடைய நோவு நிற்கின்றது.

இன்று வன்னியார் ஒருவர் சுட்டக்கூடிய குறை எத்தகையது என்பதற்கு ஊர்ப்பெயர்களே போதும். 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திறந்த தெருப்படம், எவரும் இடங்களைக் குறித்துத் திருத்தத்தக்க உலகப் படமாகும். இத்தகைய படங்களில் ஊர்ப்பெயர் முதலில் ஆங்கில எழுத்திற் புகுந்து, பின்னர் தமிழுக்கு மீளும்போது இடர் நேரும். ஆங்கில எழுத்துக்கு லகர, ளகர வேறுபாடு தெரியாது. ரகர, றகரமும் னகர, ணகரமும் அதற்கு ஒன்றே. முள்ளியவளை அவ்வழியே சென்று திரும்பினால் முல்லியவலை ஆகலாம். தண்ணீரூற்று எவ்வாறெல்லாம் ஆகுமோ! வளை வலையாயிற்று என்பதை இலண்டனிலோ கலிபோர்னியாவிலோ உள்ள நிரலாளன் அறிய வழியில்லை. ஓட்டோக்காரன் அறிவான், மாணவன் அறிவான். பெயரைத் திருத்துவதற்கு நிரல் அறிவும் வேண்டுவதில்லை; ஓரெழுத்தை மாற்றிச் சேமித்தல் போதும். இங்கே குறை கூறுதலும் கை கொடுத்தலும் ஒரே செயலாகிவிடுகின்றன.

பெரிய ஊர்களின் பெயர்கள் எப்படியேனும் நிலைபெறும்; அரசினர் பெயர்ப்பலகைகளேனும் அவற்றைக் காக்கும். துணுக்காய், நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் முதலிய ஊர்களைச் சூழ்ந்த காடுகளினுள்ளே தூர்ந்து கிடக்கும் சிறுகுளங்களுக்கும், அவற்றின் வயல்வெளிகளுக்கும் துருசுகளுக்கும் பலகை இல்லை. அவற்றின் பெயர்கள் பலவும் முதிய கமக்காரர் வாயிலே தான் இன்னும் வழங்குகின்றன. அம்முதியோர் கணினியைத் தொட்டறியாதவர்; படத்திலே தம் குளம் இல்லை என்று குறை கூறவும் அறியாதவர். மாரி தொடங்குமுன் கட்டுப் பார்க்க அவர்கள் போகும்போது, கைபேசியோடு கூடப்போகும் பேரப்பிள்ளை வழியிலே நின்று, "அப்பு, இந்தக் குளத்துக்கு என்ன பேர்?" என்று கேட்டால், அவர்கள் சொல்லுவார்கள்.